முகாம்களைக் காணச் சென்றோம்

ஊரிலிருந்து உறவினர் மும்பைக்கு வந்தால் நாம் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் சில உண்டு. இந்தியா வாயில், தொங்கு தோட்டம், மகாலட்சுமி கோயில், சௌபாத்திக் கடற்கரை. பொழுது மிஞ்சினால் எலிபெண்டாக் குகைகள். பிறகு மாட்டுங்காவில் வாழையிலை போட்டு ஒரு சாப்பாடு. இவ்வளவும் ஆனபின் விருந்தோம்பல் குறைவற நிறைவேறியதாக எண்ணி மகிழ்கிறோம்.

சென்ற குளிர்காலத்தில் என் இல்லத்திற்கு வந்த விருந்தினர் ஒருவருக்கு இவற்றுள் ஒன்றையேனும் நான் காட்டவில்லை. அவருக்கு நான் காட்டியவை வேறு இடங்கள். நம்முள் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் இடங்களே அவை. எனினும் நின்று பார்த்தவர் சிலரே. அவற்றைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுதல் தகும் என்று தோன்றியது.

வந்தவர் இருபத்தேழு வயது இளைஞர். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் வாழும் முகாம் ஒன்றில் பிறந்தவர். இயந்திரவியலில் பட்டயம் பெற்றவர். என் தங்கை கணவர் அவருக்குப் பள்ளி ஆசிரியர். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்துடன், முகாம் அதிகாரியிடம் பத்து நாள் அனுமதி பெற்று வந்திருந்தார். கப்பலில் இயந்திரப் பகுதியில் ஒரு வேலைக்கு நேர்முகம். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே விடை சொன்னாராம். இறுதியில், "பாஸ்போர்ட் எங்கே?" என்று கேட்டனர். இந்தியப் பாஸ்போர்ட்டு அவரிடம் இல்லை. அவர் பிறப்பு இலங்கைத் தூதரகத்திலும் பதிவு செய்யப்படவில்லை. எனவே அந்நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. கோப்பை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டனர்.

சனிக்கிழமை மாலை வீடு திரும்பியவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாதிருந்தார். பின்னர் கேட்டார்: "ஐயா, அகதியாக வந்தவர்கள் இந்த நாட்டில் குடிமக்களாக ஆனதே கிடையாதா?"

"ஏன் கிடையாது, தம்பி? இலட்சக்கணக்கில் ஆனார்கள். இங்கிருந்து அரைமணி நேரப் பயணத்தில் அவர்கள் கட்டிய பேட்டையே இருக்கிறது. நாளை ஞாயிறுதானே? காட்டுகிறேன்" என்றேன்.

மாட்டுங்காவிலிருந்து புறப்பாடு

காலை எட்டு மணிக்கு மாட்டுங்காவில் சிற்றுண்டி முடித்தோம். கடைத்தெருவில் மல்லிகையும் கதம்பமும் வாழையிலைக் கட்டும் கண்ட இளைஞர், "திருச்சிக் கடைவீதி போல் இருக்கிறதே!" என்று வியந்தார். அவர் வியப்பு நியாயமே. பிழைக்க வந்த தென்னாட்டார் கோயிலும் பள்ளியும் உணவு விடுதியும் கண்டு, இப்பகுதியைத் தமக்குரியதாக ஆக்கிக்கொண்டனர். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தொடங்கப்பெற்றது. இன்று அந்தக் கழகத்தின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பன்மொழி மாணவர் பயில்கின்றனர்.

ஆனால் ஒன்றை அவரிடம் சொன்னேன். நாம் இங்கே வந்தது ரெயில் சீட்டு வாங்கிக்கொண்டு. திரும்பிச் செல்ல ஊர் ஒன்று எப்போதும் நமக்கு இருந்தது. 1966க்குப் பின் சில ஆண்டுகள் தென்னிந்தியரை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தபோதும், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரம் மூண்டபோதும், நம்மவர் பலர் பெட்டி படுக்கையுடன் தாதர் நிலையத்திலும் குர்லா நிலையத்திலும் ரெயிலுக்குக் காத்திருந்தனர். அஞ்சி ஓடினாலும் போய்ச் சேரும் ஊரில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. அப்படி ஓர் ஊர் இல்லாதவரையே 'அகதி' என்கிறோம். கதி என்றால் புகலிடம். அஃது அற்றவர் அகதி. அச்சொல்லின் பாரம் அதனைத் தூக்குவோருக்குத்தான் தெரியும்.

இளைஞர் தம் குடும்ப வரலாற்றை நடந்துகொண்டே சொன்னார். அவருடைய கொள்ளுத்தாத்தா திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கூலியாகச் சென்றவர். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். அவரும் அவருள் ஒருவர். 1977 கலவரத்தில் குடும்பம் மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடியது. 1985இல் அங்கிருந்து படகேறி இராமேசுவரம் வந்தது. கொள்ளுத்தாத்தா புறப்பட்ட மாவட்டத்திலேயே இன்று கொள்ளுப்பேரன் அகதி முகாமில் இருக்கிறார்.

கோலிவாடா

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து டாக்சியில் சயான் கோலிவாடா சென்றோம். அங்குள்ள ரெயில் நிலையத்திற்கு முன்னர்க் கோலிவாடா என்றே பெயர். இப்போது குரு தேக் பகதூர் நகர். சீக்கிய குருவின் பெயர் இங்கு வந்த காரணம் 1947ஆம் ஆண்டில் இருக்கிறது. பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து உயிர் தப்பி வந்தோர் பலர் இப்பகுதியில் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் அவர்களுக்காக 25 கட்டடங்கள் எழுப்பப்பட்டன. ஏறத்தாழ 1,200 குடும்பங்கள் அவற்றில் வாழ்ந்தன. பக்கத்திலேயே நம் தமிழ்க் குடும்பங்களும் திரளாக வாழ்கின்றன. குருத்துவாராவின் பஜனை ஒலியும் அம்மன் கோயில் உடுக்கை ஒலியும் ஒரே காற்றில் கலந்து வரும் இடம் இது.

அக்கட்டடங்களைக் காட்டலாம் என்று சென்ற எனக்கு அவற்றைக் காட்ட இயலவில்லை. எழுபது ஆண்டு மழையில் நனைந்து அவை பழுதுற்றன. வாழத் தகுதியற்றவை என்று மாநகராட்சி அறிவித்து, 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடும்பங்களை வெளியேற்றியது, கட்டடங்கள் இடிக்கப்பட்டன. குடியிருந்தோர் ஆளுக்கொரு பக்கம் வாடகை வீடு தேடிச் சென்றனர். ஆனால் அவர்கள் கலைந்து போய்விடவில்லை. தம் கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் மன்றாடிக்கொண்டே இருந்தனர். மாநில வீட்டு வசதி நிறுவனமான மாடாவின் வழியாக மறுபடி கட்டித் தர மகாராஷ்டிர அமைச்சரவை 2024இல் இசைந்தது.

"அகதிக்குக் கொடுத்த வீட்டிலும் பேரன் காலத்தில் மறுபடி வெளியேற வேண்டி வருகிறதே?" என்றார் இளைஞர்.

"உண்மை. ஆனால் பாட்டனார் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. பேரனார் வெளியேறியபோது கையில் உரிமைப் பத்திரம் இருந்தது. அந்தப் பத்திரம்தான் அவரை மறுபடி உள்ளே அழைத்துவரப் போகிறது" என்றேன்.

செம்பூர் கேம்ப்

அங்கிருந்து துறைமுகப் பாதை ரெயிலில் செம்பூர் வந்தோம். நம்மவருக்குச் செம்பூர் என்றதும் நினைவுக்கு வருவது சேடா நகரில் 108 படிகளின் மேல் எழுந்தருளியிருக்கும் திருச்செம்பூர் முருகன். கோயிலில் வணங்கிவிட்டுச் செம்பூர் கேம்ப் என்னும் பகுதிக்குச் சென்றோம். 'கேம்ப்' என்ற அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆம், இதுவும் முகாமே. பிரிவினையில் பஞ்சாபும் வங்காளமும் இரண்டாகப் பிளக்கப்பட்டன; சிந்து மாகாணமோ முழுவதும் பாகிஸ்தானுக்குச் சென்றது. ஆதலால் சிந்து இந்துக்களுக்கு, 'இந்தப் பாதி எமது' என்று சொல்லிக்கொள்ள ஒரு சாண் நிலமும் இந்தியாவில் இல்லை. 1948 ஜனவரியில் கராச்சியில் கலகம் நடந்தபின் அவர்கள் கப்பல் கப்பலாகப் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினர். போர்க்காலத்தில் படைவீரருக்காகக் கட்டிய கொட்டகைகள் பல காலியாயிருந்தன. அவற்றில் அவர்களைத் தங்கவைத்தனர். இங்குச் செம்பூர்; அங்குக் கல்யாணுக்கு அருகே பெரிய படை முகாம். கல்யாண் முகாமில் மட்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். அது நகராக மாறியபோது, 1949 ஆகஸ்டு 8ஆம் நாள், அடிக்கல் நாட்டி உல்லாசநகர் என்ற பெயருக்கு வித்திட்டவர் அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த நம் இராஜாஜி. இச்செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது.

வந்தாரை இந்நகரம் மாலையிட்டு வரவேற்றது என்று எண்ண வேண்டா. அகதிகள் பதிந்துகொள்ள வேண்டும் என்று பம்பாய் அரசாங்கம் 1948இல் சட்டமே இயற்றிற்று. இருக்கும் மக்களுக்கே இடமும் தண்ணீரும் போதவில்லை என்ற முணுமுணுப்பும் இருந்தது.

கேம்பில் பழைய கொட்டகை வரிசைகளின் இடத்தில் இன்று மாடி வீடுகள் நிற்கின்றன. ஜூலேலால் கோயிலின் அருகே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர், எங்கள் பேச்சிலிருந்து எதையோ ஊகித்து, இந்தியில் நலம் விசாரித்தார். கராச்சியிலிருந்து கப்பலில் வந்தபோது தமக்கு ஏழு வயது என்றார். இளைஞர் யார் என்பதை நான் சொன்னேன். முதியவர் சற்று நேரம் அவரையே பார்த்தார். பிறகு, "வா, மகனே" என்று அருகிலிருந்த தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார்.

அங்கே அவர் காட்டியது ஒரு பழைய காகித உறை. அதனுள் அவர் தந்தையார் விட்டுவந்த வீட்டிற்கும் கடைக்கும் ஈடு கோரி எழுதிய விண்ணப்பத்தின் நகல், பதிவுச் சீட்டு, அதிகாரிகளின் பதில்கள். மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் மெல்லிய தாள் ஒட்டிக் காக்கப்பட்டிருந்தன. "அப்பா எழுத்தறிந்தவர். கொட்டகையில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் இரவில் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு மனு எழுதுவார். ஒருவன் மனுவைத் தூக்கி எறியலாம், ஒரு கொட்டகை மனுவை எறிய முடியாது என்பார்" என்றார் முதியவர்.

அம்மனுக்கள் வீண்போகவில்லை. விட்டுவந்த சொத்துகளைச் சரிபார்க்க 1950இலும், ஈடும் மறுவாழ்வும் வழங்க 1954இலும் நாடாளுமன்றம் சட்டங்கள் இயற்றியது. ஈடு முழுவதும் கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் தருமமாக அல்லாமல் உரிமையாகக் கேட்கும் வழி திறந்தது. கராச்சியில் கல்லூரிப் பணி புரிந்த ஆசிரியர்கள் 1948இல் ஜெய்ஹிந்த் கல்லூரியைத் தொடங்கினர். இச்செம்பூரிலேயே ஹஷு அத்வானி 1962இல் விவேகானந்தக் கல்விக் கழகத்தை நிறுவினார். மாநிலமே இல்லாத தம் மொழிக்கு இடம் வேண்டும் என்று சிந்தியர் ஆண்டுக் கணக்காக வேண்டினர். 1967 ஏப்ரல் 10ஆம் நாள் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சிந்தி மொழி சேர்க்கப்பட்டது. தமிழும் அதே அட்டவணையில் இருக்கிறது. நமக்கு அது தானே வந்தது. அவர்களோ கேட்டுப் பெற்றனர்.

வெளியே வந்ததும் இளைஞர் நேராகக் கேட்டார்: "அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியவில்லை, ஐயா?"

இதற்கு ஒளிவு மறைவின்றி விடை சொல்வதே முறை. சிந்தியருக்கும் பஞ்சாபியருக்கும் சட்டம் தொடக்கத்திலேயே கதவைத் திறந்து வைத்தது. 1948 ஜூலை 19க்கு முன் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறியவர் குடிமக்களே என்று அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு கூறிற்று. அதன்பின் வந்தோர் பதிவு செய்துகொள்ளவும் வழி வைத்தது. இலங்கையிலிருந்து வந்தோருக்கு அத்தகைய கதவு வைக்கப்படவில்லை. அகதிகள் நிலை பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா ஒப்பமிடவில்லை. 2019இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகள் இடம்பெற்றன, இலங்கை இடம்பெறவில்லை.

இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிற்று. "கதவு இல்லாத இடத்தில் கதவு வைத்தவர்களும் இருக்கிறார்கள். இன்னும் ஓர் இடம் பாக்கி" என்று சொல்லி ஆட்டோவில் ஏறினேன்.

சீட்டா கேம்ப்

செம்பூரிலிருந்து கிழக்கே, கோவண்டியும் மான்குர்டும் கடந்து, டிராம்பே சாலையில் சீட்டா கேம்ப் இருக்கிறது. இங்கு வாழ்வோருள் தமிழர் மிகப் பலர். கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து. தெருமுனையில் தமிழ்ப் பேச்சு. இளைஞருக்கு அப்பொழுதுதான் முகத்தில் மலர்ச்சி வந்தது.

இங்குள்ளோர் வேற்று நாட்டிலிருந்து வந்தவர் அல்லர். ஆயினும் தம் சொந்த நாட்டிலேயே வீடிழந்து முகாமுக்கு வந்தவர்கள். அருகிலிருந்த ஜனதா காலனியில் ஏறத்தாழ 70,000 மக்கள் வாழ்ந்தனர். அந்நிலம் அணு ஆராய்ச்சி மையத்திற்கு வேண்டும் என்று அவர்களை வெளியேறச் சொன்னார்கள். பல ஆண்டுகள் நீதிமன்றத்திலும் டில்லியிலும் அவர்கள் வாதாடினர். நெருக்கடி நிலைக் காலமாகிய 1976 மே மாதத்தில் காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீட்டா கேம்பின் தாழ்ந்த சேற்று நிலத்திற்கு மாற்றப்பட்டனர்.

அவர்களை ஒன்றுதிரட்டியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயல் தமிழர். இளமையில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தவர். அவர் முதலில் கையாண்ட வழி விசித்திரமானது. காலனியில் குப்பை அள்ளப்படாமல் குவிந்து கிடந்தது. அவர் சிறுவர்களைக் கூட்டி ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, நகராட்சி அலுவலகத்திற்கே கொண்டுபோய்ப் போடச் செய்தார். அதன்பின் குப்பை வண்டி வரத் தொடங்கிற்று. காலனி போனது, ஆனால் மக்கள் திரண்ட பழக்கம் போகவில்லை. எழுபதுகளில் அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பல நகரங்களுக்குப் பரவிற்று. 2000இல் அவருக்கு மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018 அக்டோபரில் அவர் மறைந்தார்.

அவர் ஏழைகளுக்குக் கற்பித்த பெரிய பாடம் ஒன்று உண்டு. 'சர்க்கார் உங்களை எண்ண வருமுன் நீங்களே உங்களை எண்ணிக்கொள்ளுங்கள்' என்பதே அது. எத்தனை வீடு, எத்தனை பேர், எந்த ஆண்டு முதல், என்ன தொழில் என்று மக்களே வீடு வீடாகச் சென்று ஏட்டில் எழுதினர். எண்ணிக்கை கையில் இருந்தால் அதிகாரி, 'அங்கு யாரும் இல்லையே' என்று சொல்ல முடியாது. 1985இல் ஸ்பார்க் என்னும் நிறுவனம் பம்பாயின் நடைபாதைகளில் வாழ்ந்த ஏறத்தாழ 6,000 குடும்பங்களை இவ்வாறே கணக்கெடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைக்கும் வழியைப் பறிப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதே என்று கூறியது. ஆயினும் அகற்றுவதை முற்றும் தடுக்கவில்லை. வெற்றியும் தோல்வியும் கலந்தே வந்தன. மக்கள் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"எங்கள் முகாமிலும் எண்ணுவார்கள், ஐயா. மாதந்தோறும் பணம் கொடுக்கும் நாளில் ஆள் இருக்கிறாரா என்று சரிபார்ப்பார்கள். அது வேறு எண்ணிக்கை" என்றார் இளைஞர்.

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. பிறர் நம்மை எண்ணுவதற்கும் நாம் நம்மை எண்ணுவதற்கும் உள்ள வேற்றுமையை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்ல முடியாது.

ஆனால் அவர்கள் முகாம்களிலும் அத்தகைய முயற்சி இல்லாமல் இல்லை. தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன், அகதியாக வந்த தம் மக்களைக் கொண்டே 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். முகாம்களில் மாலை வகுப்புகளும் மகளிர் குழுக்களும் அதன்வழி அமைந்தன. பிறப்புச் சான்றுகள் பெறும் பணியும் நடந்தது. இளைஞர் தாமும் அத்தகைய மாலை வகுப்பில் படித்தவரே. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்துவந்த நிலையில், 2021இல் தமிழக அரசு அவற்றிற்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் சூட்டிற்று. புது வீடுகளும் கட்டத் தொடங்கிற்று. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர், பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றி இருப்பதற்காகத் தண்டிக்கப்படமாட்டார் என 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. தண்டனையிலிருந்து விலக்கு வந்தது, குடியுரிமை வரவில்லை.

தாராவியில் ஒரு செய்தி

பொழுது சாயும் வேளையில் தாராவிக்கு வந்தோம். தொண்ணூறடிச் சாலையில் நம் திருநெல்வேலிக்காரர் கடையில் பரோட்டா உண்டோம். நம்மவர் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தோல் பதனிட்டு வாழ்ந்த ஊர் இது. இன்று இங்கும் எல்லோர் பேச்சும் காகிதத்தைப் பற்றியதே. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைக் காட்டுவோருக்குத் தாராவிக்குள் விலையின்றி வீடு. மற்றவர் வெளியிடம் செல்ல வேண்டி வரும். எல்லோருக்கும் தாராவிக்குள்ளேயே இடம் வேண்டும் என்று குடியிருப்போர் கூட்டங்கள் நடத்தி வருகின்றனர். வீட்டுக்கு வீடு பழைய ரேஷன் அட்டையும் மின்சாரச் சீட்டும் தேடி எடுத்துக்கொண்டிருக்கின்றனர்.

அப்போது எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. "தம்பி, உம் உடன்பிறந்தார் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"அக்கா ஒருத்திதான். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர்."

"எங்கே பிறந்தார்?"

"இங்கேதான் ஐயா, இந்தியா வந்த பிறகு. இராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில். எண்பத்தேழு ஏப்ரலில்."

நான் உண்பதை நிறுத்திவிட்டேன். நம் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு நிபந்தனை இன்னும் கடுமை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்மணி ஒருவர் இதனைச் சுட்டிக்காட்டி வழக்குத் தொடுத்தார். அவருக்குப் பாஸ்போர்ட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. 2024 ஏப்ரல் 19ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். முகாமில் வாழ்ந்த ஒருவர் வாக்குச் சாவடியில் மை வைத்துக்கொண்டது அதுவே முதன்முறை என்று பத்திரிகைகள் எழுதின.

இதைச் சொன்னதும் இளைஞர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "அக்கா இரண்டு மாத வித்தியாசத்தில் இந்தியர். நான் பதினோராண்டுத் தாமதத்தில் அகதி. ஒரே வயிறு, ஐயா" என்றார். அவர் குரலில் கசப்பு இருந்தது. ஆனால் கண்ணில் காலையில் இல்லாத ஓர் ஒளியும் இருந்தது.

அங்கிருந்தே தாயாருடன் தொலைபேசியில் பேசினார். பிறப்புச் சான்றிதழ் வாங்கவே இல்லையாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு தகரப் பெட்டியில் இருந்ததாக நினைவாம். புயல் மழையில் ஒழுகியதில் என்ன ஆயிற்றோ தெரியாதாம். 'தேடிப் பார்க்கிறேன்' என்று அம்மையார் சொன்னது எனக்கும் கேட்டது.

வாசகர்களுக்கு

இளைஞர் செவ்வாய்க்கிழமை ரெயில் ஏறினார். அவருக்கு வேலையோ பாஸ்போர்ட்டோ நம்மால் வாங்கித் தர இயலவில்லை. அவர் நிலைக்குச் சட்டமே மாறினால்தான் வழி பிறக்கும். சட்டம் மாற, கேட்போர் தொகை பெருக வேண்டும். மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம், துன்புறுத்தலுக்கு அஞ்சி வருவோர் வேற்று நாட்டில் புகலிடம் நாடும் உரிமையை 1948இலேயே ஒப்புக்கொண்டது. பம்பாயில் பொதுப்பணி புரிந்த ஹன்சா மேத்தா அம்மையார் அப்பிரகடனத்தை உருவாக்கிய குழுவில் இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்தார். 'எல்லா ஆண்களும்' என்று தொடங்கவிருந்த முதற் பிரிவை 'எல்லா மனிதர்களும்' என்று திருத்தச் செய்தவர் அவரே. ஒரு சொல் மாறுவதற்கும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டியிருந்தது.

நாம் என்ன செய்யலாம்? செம்பூர்க் கொட்டகையில் அரிக்கேன் விளக்கில் மனு எழுதியவரைப் போல நாமும் எழுதலாம். நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற எழுத்தர்களும் வழக்குரைஞர்களும் ஆசிரியர்களும் உள்ளனர். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் சங்கக் கூடத்தில் அமர்ந்து, தாராவியில் சான்று தேடும் குடும்பத்திற்கும், முகாமிலிருந்து கடிதம் எழுதும் குடும்பத்திற்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அது சிறு பணி ஆகாது. அடுத்த செயற்குழுவில் இதனை முன்மொழிய எண்ணியுள்ளேன். இசைவுள்ளோர் என்னுடன் சேர வேண்டுகிறேன். அவரவர் வீட்டுப் பெட்டியிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் பத்திரமாக உள்ளனவா என்று காணுங்கள். நாமும் இந்நகருக்கு வந்தவர்களே.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் இளைஞரிடமிருந்து செய்தி வந்தது. சீட்டு கிடைத்துவிட்டதாம். ஓரம் கறையான் அரித்திருக்கிறதாம். தேதியும் ஆஸ்பத்திரி முத்திரையும் தெளிவாக உள்ளனவாம். அக்காவின் விண்ணப்பத்தை இன்னின்னவாறு எழுதலாமா என்று கேட்டு, தாமே எழுதிய படி ஒன்றையும் அனுப்பியிருந்தார். இரண்டு பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினேன். முகாமில் 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தோர் இன்னும் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறாராம்.